தெரியாமல் செய்தாலும் பாவமா?

கிருஷ்ணகிரியில் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் வகுப்பு, எடுக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் பாய் விரித்து, எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம். போன வருஷம் பத்துக் கட்டளைகளை முடித்து அடுத்த பாடத்துக்குப் போகிற சமயம், கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "டீச்சர், தெரியாம செஞ்சாலும் அது பாவமா?"

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். எதையோ மனதில் வைத்துத்தான் கேட்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்மா" என்றேன். அந்த அடுத்த வாரம் பல வாரமாக நீண்டுபோனது. பாவம் என்ற சொல்லையும் தேவனை அறியாமை என்ற சொல்லையும் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு, இரண்டுக்கும் நடுவே என்ன உறவு என்று அதுவரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பிறந்தது பென்னாகரம் பக்கம். எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்குப் பல்லின் குறுக்கே பழுப்புக் கோடு விழுந்திருக்கும். எனக்கும் உண்டு, இன்றைக்கும். அம்மா உமிக்கரியால் தேய்த்தார், செங்கல் பொடியால் தேய்த்தார், எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். பல் ஒழுங்காகத் தேய்க்காத பிள்ளை என்று எனக்கு அடியும் விழுந்திருக்கிறது. கறைக்குக் காரணம் நாங்கள் குடித்த போர்வெல் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பாறைக்குள் ஊறி வரும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் அது முதலில் வளரும் பிள்ளையின் பல்லைப் பிடிக்கும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நாக்குக்குப் பிடிபடாது. காய்ச்சினாலும் போகாது. குடித்த எனக்கும் தெரியாது, சொம்பில் ஊற்றிக் கொடுத்த அம்மாவுக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காகப் பல்லில் கறை விழாமல் இருந்ததா?

கிறிஸ்தவப் போதனை ‘ஜென்மப் பாவம்’ என்று சொல்வதை நான் புரிந்துகொண்டது இந்தத் தண்ணீரின் வழியாகத்தான். அது எந்த ஒரு தனிச் செயலின் பெயரும் அல்ல; மனுஷன் பிறந்து விழுகிற நிலைமையின் பெயர். எங்கள் சபை மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்தில் பிறந்த லூத்தரன் வழி வந்தது. 1895-இல் தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு மிஷனரிகள் இதே கிருஷ்ணகிரியில் தங்கி வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த உபதேசத்தின் அடிப்படைகளில் ஒன்று 1530-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கை. அதன் இரண்டாம் பிரிவு ஜென்மப் பாவத்தைப் பற்றியது. கொலை, களவு, விபசாரம் என்று பட்டியல் வரும் என்று எதிர்பார்த்து வாசித்தேன். அங்கே இருப்பது மூன்றே சொல்: மனுஷர் தேவனுக்குப் பயப்படாமலும், தேவனை நம்பாமலும், தப்பான இச்சையோடும் பிறக்கிறார்கள். முதல் இரண்டும் இல்லாமையைச் சொல்கின்றன. அதாவது பாவத்தின் அடிவேரிலேயே தேவனை அறியாமை உட்கார்ந்திருக்கிறது. நாம் பாவம் என்று சாதாரணமாகச் சொல்லும் செயல்கள் எல்லாம் அந்த வேரில் காய்த்த காய்கள்.

இந்த இடத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்டுவது நியாயமில்லை. ஜென்மம் என்றதும் நமக்கு முற்பிறவி நினைவுக்கு வருகிறது. போன ஜென்மத்தில் செய்த வினை இந்த ஜென்மத்தில் வந்து நிற்கிறது என்று. கிறிஸ்தவத்தில் முற்பிறவி இல்லை. ‘ஜென்மத்தோடு கூட வருவது’ என்பதுதான் இந்தச் சொல்லுக்குப் பொருள். இன்னொரு பக்கம், சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு ஆணவ மலம் நினைவுக்கு வரும். உயிரின் அறிவை மறைக்கும் இருள், செம்பில் களிம்பு போல ஒட்டியது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது அப்போஸ்தலன் பவுல் எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, கேட்பதுபோலவே இருக்கும். ஆனால் சித்தாந்தத்தில் அந்த இருள் அநாதி. அது இல்லாத ஒரு காலம் உயிருக்கு இருந்ததில்லை. ஆதியாகமம் சொல்கிற கதை வேறு. அங்கே எல்லாம் நல்லதாகத் தொடங்குகிறது. இருள் நடுவில் வருகிறது. அதனால்தான் கிறிஸ்தவம் பாவத்தை மனுஷ இயல்பு என்று ஒப்புக்கொள்ளாமல், இயல்புக்கு நேர்ந்த கேடு என்கிறது. பல் வெள்ளையாக முளைக்கவேண்டியதுதான். கறை தண்ணீரால் வந்தது.

அந்தக் கேடு எப்படிக் கைமாறி வருகிறது என்பதில் சபைகளே ஒத்துப்போவதில்லை. ஆதாமின் குற்றமும் சேர்ந்தே வருகிறது என்றார் பழைய சபைத் தந்தை அகுஸ்தீன். மனுஷன் நல்லவனாகவே பிறக்கிறான், ஆதாமின் கெட்ட முன்மாதிரிதான் கெடுக்கிறது என்ற, அவர் காலத்துப் போதகர் பெலாகியுவின் பக்கம் 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கத்தில் தள்ளப்பட்டது. கிழக்குத் திருச்சபைகளோ சாவும் பலவீனமும்தான் பரம்பரையாக வருகின்றன, குற்றம் அவரவருடையது என்கின்றன. இந்த வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வேறொரு இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது.

வேதாகமத்தில் ‘அறிதல்’ என்ற சொல் நாம் பரீட்சைக்குப் படித்து அறிவதைப் போன்றதல்ல. எபிரெயத்தில் ‘யாதா’. ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான் என்று ஆதியாகமம் 4:1 சொல்வது அந்தச் சொல்லைத்தான். கூட வாழ்ந்து, முகம் பார்த்து, ஒட்டி அறிவது. ஏசாயா தன் புஸ்தகத்தைத் தொடங்கியதுமே இதை மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுபோகிறார்: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், இஸ்ரவேலோ அறிவில்லாமலும், என் ஜனம் உணர்வில்லாமலும் இருக்கிறது." மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடு பத்து வீட்டைத் தாண்டித் தன் கட்டுத்தறிக்கே வந்து நிற்கும். அந்த அறிவு தன் ஜனத்துக்கு இல்லையே என்கிறார். அவர்கள் பலி செலுத்தாதவர்கள் அல்லர், பண்டிகை கொண்டாடாதவர்களும் அல்லர். அதே அதிகாரத்தில் சில வசனம் தள்ளிப் போனால் பலிகளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள்.

இப்போது இஸ்ரவேலரின் ஆலயம் இருந்த சீலோவுக்குப் போவோம், 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்துக்கு. வயதான ஆசாரியன் ஏலி. அவன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள். ஜனங்கள் பலிகொண்டு வந்து இறைச்சி வேகும்போது, இவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். அண்டாவிலோ பானையிலோ அதைக் குத்தித் தூக்குவான். குத்தியதில் ஏறி வந்ததெல்லாம் ஆசாரியன் வீட்டுக்கு. கொழுப்பைத் தகனிக்கும் முன்னரே பச்சை இறைச்சி கொடு என்பான்; இல்லையென்றால் பலவந்தமாய் எடுத்துக்கொள்வேன் என்பான். இவர்களைப் பற்றி வேதம் ஒரே வரியில் சொல்கிறது: "அவர்கள் கர்த்தரை அறியவில்லை."

நின்று யோசிக்கவேண்டிய வரி. தேவன் கொடுத்த சட்டமாகிய நியாயப்பிரமாணம் அவர்களுக்குத் தெரியாதா? பலியின் எந்தப் பாகம் யாருக்கு என்று இஸ்ரவேலில் அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தேவனைப் பற்றிய தகவல் அத்தனையும் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் அவரை அறியாதவர்கள்.

அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால் அதே சொல் திரும்பவும் வருகிறது, ஆனால் வேறொருவனைப் பற்றி. ராத்திரி விளக்கு அணைந்துபோகுமுன்னே சிறுவன் சாமுவேல் ஆலயத்தில் படுத்திருக்கிறான். கூப்பிடும் குரல் கேட்டு மூன்று தடவை ஏலியிடம் ஓடுகிறான். ஏன் என்றால், சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்கிறது 3:7. ஒரே கூரை, ஒரே சொல். ஒருவன் அறியாதது இன்னும் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாததால். ஏலியின் மகன்கள் அறியாதது அறிய விருப்பம் இல்லாததால். சிறுவனுடைய அறியாமையைத் தேவன் நாலாம் முறை கூப்பிட்டுத் தீர்க்கிறார். ஆசாரியனுடைய மகன்களின் அறியாமையின்மேல் தீர்ப்பு வருகிறது. நம் பிரசங்கங்களில் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

பவுலும் இந்த வித்தியாசத்தை நன்றாகத் தெரிந்தவர். ரோமர் முதல் அதிகாரத்தில் மனுஷர் சத்தியத்தை "அடக்கிவைக்கிறார்கள்" என்கிறார். தண்ணீருக்குள் பந்தை அமுக்கிப் பிடிப்பதுபோல. கை எடுத்தால் மேலே வந்துவிடும். "தேவனை அறிந்தும்" அவரை மகிமைப்படுத்தவில்லை, ஸ்தோத்திரிக்கவில்லை. பிறகுதான் உணர்வில்லாத இருதயம் இருளடைந்தது. நன்றிகெட்டதனம் முதலில், இருட்டு அதன்பிறகு. எபேசியருக்கு எழுதும்போதும் புத்தியில் அந்தகாரம், அதற்குக் கீழே அறியாமை, அதற்கும் கீழே இருதய கடினம் என்று அடுக்குகிறார். அடியில் இருப்பது புத்தியின் குறை அல்ல, இருதயத்தின் குறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்து, காவிரித் தண்ணீர் எங்கள் ஊர்த் தெருக்குழாய் வரை எட்டிய பின்னும், எங்கள் பெரியப்பா கடைசிவரை போர்த் தண்ணீரைத்தான் குடித்தார். "அந்தத் தண்ணியில ருசி இல்லம்மா" என்பார். முழங்காலை மடக்க முடியாமல் திண்ணையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு சொல்வார். இருளுக்கும் ஒரு ருசி உண்டு. யோவான் 3:19 சொல்வதும் அதுதான்: மனுஷர் வெளிச்சத்தைப் பார்க்கிலும் இருளை விரும்பினார்கள்.

ஆனால் பெரியப்பாவையும் குழந்தையாக இருந்த என்னையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா? முடியாது என்கிறது வேதம், அதுவும் மிகப் பழைய பகுதியிலேயே. லேவியராகமம் நாலாம் அதிகாரம் முழுவதும் அறியாமையினால் செய்த பாவத்துக்கான பலிகளைப் பற்றியது. தெரியாமல் செய்தாலும் பலி உண்டு. அந்த அளவுக்கு அது பாவம்தான். யாரோ ஒருவருக்குக் காயம் பட்டிருக்கிறது, அதை ஒன்றும் நடக்காததுபோல் விட முடியாது. ஆனால் பலி எல்லாருக்கும் ஒன்றல்ல. ஆசாரியன் தவறினால் ஒரு காளை. சபை முழுவதும் தவறினாலும் ஒரு காளை. தலைவன் தவறினால் வெள்ளாட்டுக் கடா. சாதாரண ஜனம் தவறினால் ஒரு பெண் வெள்ளாடு, அல்லது பெண் ஆட்டுக்குட்டி. போச்சம்பள்ளிச் சந்தையில் காளைக்கும் வெள்ளாட்டுக்கும் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டம் உடனே விளங்கும். எவ்வளவு தெரிந்தவனோ அவ்வளவு பெரிய பலி. லூக்கா 12-இல் இயேசு சொல்வதும் இதே கணக்குத்தான்: எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடிகள், அறியாமல் செய்தவனுக்குச் சில அடிகள்.

எலத்தகிரியில் எனக்குக் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி உண்டு, மறைக்கல்வி ஆசிரியை. இதைப் பேசியபோது, தங்கள் திருச்சபையில் இதற்குத் தனிப் பெயர்களே இருக்கின்றன என்றாள். தன்னால் வெல்ல முடியாத அறியாமை ஒன்று. அதில் செய்த தீமை தீமைதான் என்றாலும் அவன் கணக்கில் குற்றமாக எழுதப்படாது. அக்கறை இல்லாமல், தெரிந்துகொள்ள மனமில்லாமல் வளர்த்துக்கொண்ட அறியாமை இன்னொன்று. அது அவனுடைய குற்றமே. பழக்கத்தினால் மனச்சாட்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகிவிடும் என்றும் அவர்கள் மறைக்கல்வி சொல்கிறதாம்.

அவள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தைத்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் எதற்காகப் பேசப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். பிறந்த பெண் சிசுவுக்கு எருக்கம்பால். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வரவேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே தன் மூன்றாவது மகளைப் பற்றிச் சொன்னார். கை நிற்கவே இல்லை; தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். "அப்ப அது தப்புன்னே தோணலம்மா. எங்க மாமியா செஞ்சாங்க, அக்கம்பக்கத்துல செஞ்சாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத்தான் தோணுது" என்றார். கீரையை அள்ளி முறத்தில் போட்டார். அதற்குப்பிறகு அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இவர் பொய் சொல்லவில்லை. ஊரே குடிக்கிற தண்ணீரைத்தான் அவரும் குடித்தார். ஆனாலும் ஒரு பிள்ளை செத்துப்போனது. அறியாமை பாவத்தைச் சின்னதாக்கிவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். அறியாமைக்கு மன்னிப்பே இல்லை என்கிறவர்கள் அந்தப் பாட்டியை மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவப் போதனை இரண்டு பேரையும் விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. சிலுவையில் இயேசு, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்றார். அறியாதவர்களுக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்கலாம். மன்னிப்புக் கேட்கிறார் என்றால் குற்றம் இருக்கிறது. அறியாதிருக்கிறார்களே என்கிறார் என்றால் இரக்கமும் இருக்கிறது. நம் பாஷையில் ‘பாவம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். "பாவம் செஞ்சுட்டான்" என்கிறோம். அடிபட்டவனைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றும் சொல்கிறோம். அந்த ஒரு வசனத்தில் இரண்டு பாவமும் சேர்ந்து நிற்கின்றன.

இப்போது என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். கூட்டங்களுக்கு அடிக்கும் நோட்டீசிலும் சுவரொட்டியிலும் ஓசியா 4:6 அடிக்கடி வரும்: "என் ஜனங்கள் அறிவில்லாமையினால் சங்காரமாகிறார்கள்." இயேசுவை அறியாத பக்கத்துத் தெரு ஜனத்தைக் காட்டித்தான் இது பேசப்படும். வசனம் அங்கே முடியவில்லை. "நீ அறிவை வெறுத்தாய், ஆகையால் நீ என் ஆசாரியனாயிராதபடிக்கு நானும் உன்னை வெறுத்துவிடுவேன்" என்று தொடர்கிறது. தேவன் விரல் நீட்டுவது ஆசாரியனை நோக்கி. ‘என் ஜனங்கள்’ என்றது தேவனுடைய சொந்த ஜனத்தை. பாதி வசனத்தை வெட்டி எடுத்து அயலானின் நெற்றியில் ஒட்டுகிறோம். யோவான் ஒன்பதில் பிறவிக் குருடனுக்குப் பார்வை வந்த பிறகு, வேதம் கற்ற பரிசேயரிடம் இயேசு சொன்னார்: நீங்கள் குருடராயிருந்தால் உங்களுக்குப் பாவமிராது, காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது. திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்கெடுத்துவிட்டு, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. தேவனை அறியாதவர்கள் என்று அங்கே யாரைச் சொல்வது? அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதிய பலிபீடத்தைப் பார்த்த பவுல், அந்த ஜனத்தைத் திட்டவில்லை. நீங்கள் அறியாமல் ஆராதிக்கிறவரையே அறிவிக்கிறேன் என்றார். அவருடைய கடுமையான பேச்சு பெரும்பாலும் சபைக்குள் இருந்தவர்களுக்கு.

தன்னைப் பற்றியும் அவர் அப்படித்தான் எழுதினார். முன்னே தூஷிக்கிறவனும் துன்பப்படுத்துகிறவனுமாயிருந்தேன், அறியாமல் செய்தபடியினால் இரக்கம்பெற்றேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பெயர்பெற்ற வேதபண்டிதர் கமாலியேலிடம் படித்தவர் அறியாமல் செய்தேன் என்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது "தேவனை அறிந்திருக்க" என்று ஆரம்பித்தவர், உடனே தன்னைத் திருத்திக்கொள்கிறார்: "அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்க." லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், என் சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் கிறிஸ்துவிடம் வர முடியாது, ஆவியானவர்தான் என்னை அழைத்தார் என்ற அறிக்கை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நானும் அந்த வயதில் ஒப்பித்தவள்தான். அந்த வரியை உண்மையாக நம்புகிறவர் யாராவது, எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது என்று மார்தட்டிக்கொள்ள முடியுமா?

பல வாரம் கழித்து இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். காளையையும் வெள்ளாட்டையும் கரும்பலகையில் வரைந்து, சீலோவில் படுத்திருந்த சிறுவனைச் சொல்லி. பிள்ளைகள் காளையைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வரைதல் அப்படி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போனபிறகு பாயைச் சுருட்ட வந்தாள்.

"எங்க தாத்தா டீச்சர்" என்றாள். "அவருக்கு ஏசப்பாவைத் தெரியாது. நாங்க சர்ச்சுக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டாரு."

அதுதான் கேள்வி. முதல் நாளிலிருந்தே அதுதான்.

தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். மாந்தோப்புக் காவலுக்குப் போவாராம். விடியற்காலையில் கிழக்கே திரும்பி நின்று தலைக்குமேல் கையைக் கூப்புவாராம், பெயர் எதுவும் சொல்லமாட்டாராம். கூலிப் பணத்தில் ஒரு ரூபாய் அதிகமாக வந்தாலும் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவாராம். ரோமர் இரண்டாம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணம் இல்லாத ஜனத்தின் இருதயத்தில் அதன் கிரியை எழுதியிருக்கிறது என்று பவுல் சொல்வதை அவளுக்குக் காட்டினேன். தாத்தா எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? சோதோமுக்காக வழக்காடியபோது ஆபிரகாம் தேவனிடம் கேட்ட ஒரு கேள்வியை, ஆதியாகமம் 18:25-ஐ, அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ."

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். நோட்டை மூடிக் கட்கத்தில் வைத்துக்கொண்டு, சுருட்டிய பாயை எடுத்துப்போய் அலமாரிக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, "வரேன் டீச்சர்" என்று சொல்லிப் போனாள்.